டிக்ஸ் பெஞ்சில் உட்காரும்வரை

ஃபின்ட்லி, ஒஹாயோ
18 நவம்பர் 1991

அன்புள்ள வெண்டல்,

நீண்ட யோசனைக்குப் பிறகு, காலை உணவுக்கும் முன்பாக, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ரோலண்ட் டிக்ஸ் நம் கூடைப்பந்து அணியின் முதல் ஐவரில் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருக்கும்வரை நான் டொலீடோ அரங்கில் கால் வைக்க மாட்டேன். அணி நிர்வாகத்துக்கும் பதிவுத் தபாலில் தெரிவித்துவிட்டேன். அவர்கள் இதை எப்படித் தாங்கிக்கொள்வார்கள் என்பது என் கவலை இல்லை.

ஆறடி ஒன்பது அங்குல மனிதன். போன ஆட்டத்தில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் அவன் கைக்கு வந்த ரீபவுண்ட் மூன்று. அதில் ஒன்று அவன் தலையில் பட்டு வந்தது. முடி வெட்டும் ஹாங்க் கேட்கிறான்: "ஏன்யா, டிக்ஸுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா, இல்ல அவனும் நம்மள மாதிரி டிக்கெட் வாங்கிட்டு உள்ள வர்றானா?" கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போதே நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பதினேழு வருடமாக உன் பக்கத்திலிருக்கும் என் இருக்கையில் வேறு யாரையாவது உட்கார வை. கோபம் உன்மேல் இல்லை.

கொள்கை மாறாத
எர்னி

டொலீடோ
2 டிசம்பர் 1991

என் அருமை எர்னி,

எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்து நான் கத்துகிறேன் என்று நினைக்காதே. இந்த அளவில் எழுதினால்தான் எனக்கே தெரிகிறது.

போன வருடம் ஆட்டக்காரர்களின் முகம் மட்டும்தான் கலங்கலாக இருந்தது. இப்போது எதைப் பார்த்தாலும் நடுவில் ஓர் ஓட்டை. ஓரங்கள் கொஞ்ச நாள் நிற்கும், நடு திரும்பி வராது என்கிறார் டாக்டர். பந்து எப்போதும் நடுவில்தான் இருக்கிறது.

உன் இடத்தில் என் தங்கை மகன் மெல்வினை உட்கார வைத்தேன். நல்ல பிள்ளை. "என்னப்பா நடக்குது?" என்று கேட்டால், "தோத்துக்கிட்டு இருக்கோம் மாமா" என்கிறான். அது எனக்கு அவன் இல்லாமலே தெரியும். நீ இருந்தால், "அடேய், இடது பக்கம் காலியா கிடக்கு, இந்த மடையன் வலது பக்கம் ஓடறான் பாரு!" என்று திட்டுவாய். அந்தத் திட்டில் எனக்கு முழு ஆட்டமும் தெரியும்.

டிக்ஸைப் பற்றி ஒன்று. நீ அவன் கையைப் பார்க்கிறாய், நான் அவன் வாயைக் கேட்கிறேன். எதிராளி மறிக்க வந்தால், "பின்னால ஆளு! பின்னால ஆளு!" என்று கத்தி நம் பையன்களை எச்சரிப்பவன் அந்த ஐவரில் அவன் ஒருவன்தான். மற்ற நால்வரும் சர்ச்சில் நிற்பதுபோல் நிற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வா. கால் வைக்க மாட்டேன் என்றுதானே எழுதினாய்? காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரலாம்.

உன்
வெண்டல்

ஃபின்ட்லி
9 டிசம்பர் 1991

அன்புள்ள வெண்டல்,

கண்ணைப் பார்த்துக்கொள். கேரட் நல்லது என்கிறார்கள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வாயால் ரீபவுண்ட் பிடிக்க முடியாது. கத்துவதுதான் தகுதி என்றால் என் அத்தை இர்மாவை ஃபார்வர்டாகப் போடலாம். பெஞ்சில் இருக்கும் பையன்களில் யாரை இறக்கினாலும் இவனைவிட மேல். பயிற்சியாளருக்கு மட்டும் அது தெரியவில்லை.

என் கடிதத்தை உள்ளூர் வானொலியில் வாசித்தார்கள். டிக்ஸை நீக்கச் சொல்லி ஹாங்கின் கடையில் கையெழுத்து வேட்டை நடக்கிறது. கடைக்கு வரும் மெதடிஸ்ட் போதகர்கூடப் போட்டிருக்கிறார். இந்த நிலையில் நான் வந்து உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? இந்த சீசன் எப்படியும் நாசம். அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம்.

எர்னி

டொலீடோ
20 ஜனவரி 1992

எர்னி,

அடுத்த சீசன் என்று எழுதியிருந்தாய். அதுவரை ஓரங்களாவது நிற்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் மகள் ரூத்தின் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்.

மெல்வின் வருவதை நிறுத்திவிட்டான். பனியில் பஸ் பிடித்துத் தனியாகப் போகிறேன். பாப்கார்ன் விற்கும் பெண் கையைப் பிடித்து இடம்வரை கொண்டுவிடுகிறாள். பிறகு இரண்டரை மணி நேரம் கூட்டம் கத்துவதைக் கேட்டு, எதற்குக் கத்துகிறார்கள் என்று ஊகிக்கிறேன். நாம் தோற்கும் அணி என்பதால் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

நான் உன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. ஒரே ஓர் ஆட்டம் வா. டிக்ஸை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

வெண்டல்

ஃபின்ட்லி
27 பிப்ரவரி 1992

அன்புள்ள வெண்டல்,

வென்றுவிட்டோம்!

செய்தி கேட்டிருப்பாய். டிக்ஸை வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டு ஹேலி என்ற இருபத்திரண்டு வயதுப் பையனை வாங்கியிருக்கிறார்கள். குதித்தால் இறங்குவதற்கு யோசிக்கிறானாம். என் கடிதம் வேலை செய்ததா என்று ஹாங்க் கேட்டான். "அத நான் சொன்னா நல்லா இருக்காதுப்பா" என்று அடக்கத்துடன் சொன்னேன்.

கையெழுத்து வேலையில் உன் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் போட முடியவில்லை. மன்னித்துக்கொள். இனி ஒரு தடையும் இல்லை. மார்ச் 28 சனிக்கிழமை வருகிறேன். வடக்கு வாசலில் நில். ஹேலியின் ஒவ்வொரு அசைவையும் உனக்குச் சொல்கிறேன்.

வெற்றிக் களிப்புடன்
எர்னி

டொலீடோ
23 மார்ச் 1992

அன்புள்ள எர்னி,

நான் சொல்ல, ரூத் எழுதுகிறாள்.

டிக்ஸ் போன பிறகு ஓர் ஆட்டத்துக்குப் போனேன். மைதானத்தில் நம் ஆட்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. காலணிகள் தேயும் சத்தம் மட்டும்தான். நாம் தாக்குகிறோமா, தடுக்கிறோமா என்றே தெரியவில்லை. பக்கத்து வரிசைக்காரரிடம் கேட்டேன். "ஏங்க, கண்ணு முன்னாலதான நடக்குது?" என்றார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஹேலி அன்று இருபத்தாறு புள்ளி எடுத்தானாம். அவனைப் பற்றி நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

ஓரங்களும் போய்விட்டன. வீட்டை விற்றாகிவிட்டது. வியாழக்கிழமை ரூத்துடன் ஐடஹோவுக்குப் போகிறேன். அங்கே பக்கத்தில் எந்த அணியும் இல்லை என்கிறாள்.

சனிக்கிழமை டிக்கெட்டுகள் இரண்டையும் இதனுடன் வைத்திருக்கிறேன். ஹாங்கைக் கூட்டிப் போ. அடுத்த சீசனுக்கு நம் இரண்டு இருக்கைகளையும் ஒரு பல் டாக்டர் எடுத்துக்கொண்டார்.

வெண்டல்