செம்பு ஒட்டிய எஃகு உருண்டை

அண்ணே,

பேனா தேடி இழுப்பறைக்குள் விட்ட கையில் இன்று உங்கள் எஃகு உருண்டை அகப்பட்டது. எலுமிச்சையில் பாதிகூட இல்லை. மேலே அப்பியிருக்கும் செம்பு இன்னும் உரியவில்லை. நான் தோற்ற நாளின் செம்பு அது.

எண்பதுகளின் தொடக்கம். பழனி பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகளான நான் மதுரையில் உலோகப் பொடிகளை ஆய்ந்துகொண்டிருந்தேன். செம்புப் பொடியையும் நிக்கல் பொடியையும் எஃகு உருண்டைகளோடு டப்பாவில் அடைத்து உலுக்கினால், உருக்காமலே இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது என் வாதம். அப்படி உலுக்கும் ஆலை இயந்திரம் கல்லூரியில் இல்லை. கொடைக்கானல் பக்கம் பள்ளங்கியில், வில்பட்டித் தோட்டக்காரர்களின் மருந்துத் தெளிப்பான்களைப் பழுது பார்த்துவந்த நீங்கள்தான் என் கிறுக்கல் படத்தைப் பார்த்து அதைச் செய்து கொடுத்தீர்கள். இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து, எழுபதுகளில் கப்பலேறி வந்தவர் நீங்கள். என்னைவிட நான்கே வயது மூத்தவர்.

மாதக் கடைசிக்குள் சரியான பொடியைக் காட்டாவிட்டால் கல்லூரியில் என் ஆய்வு இடம் வேறொருவருக்கு என்று என்னை வழிநடத்திய ஆசிரியர் சொல்லிவிட்டார். அவசரத்தில் உங்கள் பட்டறையிலேயே ஆலையைக் காலை முதல் மாலை வரை நிறுத்தாமல் ஓட்டினேன். திறந்தால் பொடியைக் காணோம். உருண்டைகளின் மேலும் டப்பாச் சுவரிலும் அப்பிக் கிடந்தது. வந்த ஆத்திரத்தில் மூடியைத் தூக்கி எறிந்தேன். நீங்கள் டப்பாவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினீர்கள்.

“தணலாக் கெடக்குங்க தங்கச்சி. நாங்க ரோலர்ல கொழுந்த ஒரே மூச்சுல உருட்ட மாட்டோம். அரை மணி உருட்டி, கட்டிய உதுத்து, ஆறவிட்டு, பொறவுதான் அடுத்த உருட்டு.”

“இது கொழுந்து இல்லண்ணே, உலோகம்!” என்று கத்தினேன்.

“அதுக்கும் சுடத்தானுங்களே செய்யுது?”

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. படித்ததெல்லாம் அப்புறம்தான் மண்டையில் ஏறியது. உருண்டைகள் மோத மோதத் துகள் தட்டையாகும், ஒன்றோடொன்று ஒட்டும், மடியும், இறுகி உடையும். ஒட்டுவதும் உடைவதும் மாறிமாறி நடந்தால்தான் செம்பு அடுக்கும் நிக்கல் அடுக்கும் மெலிந்துகொண்டே போகும், உள்ளிருக்கும் படிக மணிகளும் நுணுகும். சூடேறினால் செம்பு இளகி ஒட்டுவதோடு நின்றுவிடும். உடைய வேண்டியது உடையவே உடையாது.

மறுநாள் வெள்ளனே தொடங்கினோம். அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு. ஓய்வில், மாதிரி எடுக்கும் நேரம் தவிர, டப்பாவைத் திறக்காமல் வாசலில் மூடுபனியில் வைத்துவிடுவீர்கள். என் கை சுவிட்சுக்குப் போகும்போதெல்லாம் “பொறுங்க, பொறுங்க” என்று தேநீர்க் குவளையை நீட்டுவீர்கள். ஐந்து நாளில் நான் குடித்த தேநீர் என் ஆயுசுக்குப் போதும்.

ஆறாம் நாள் பொடியோடு மதுரைக்குப் பேருந்தேறினோம். கல்லூரி வாசலில் தயங்கிய உங்களை நான்தான் இழுத்துப்போனேன். பொடியைப் பிசினில் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, நுண்ணோக்கியில் வைத்தேன். முதல் மணிநேரத்தில் எடுத்த மாதிரியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையான கோடுகள். கடைசி மாதிரியில் ஒரே நிறம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரே நிறம்தான்.

உங்களையும் பார்க்கச் சொன்னேன். ஒற்றைக் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தீர்கள்.

“கோடு ஒண்ணையும் காணோமுங்களே. ஒங்க அப்பா பஞ்சாமிர்தத்துலகூட பேரீச்சம்பழம் தனியாத் தட்டுப்படும். அப்ப, நாம ஜெயிச்சிட்டோமுங்களா?”

பதில் சொல்ல எனக்கு நிதானம் இல்லை. ஆசிரியரை அழைத்துவர மாடிப்படிகளில் பாய்ந்தேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், என் இடம் எனக்கே என்றார். திரும்பிப் பார்த்தால், கடைசிப் பேருந்து போய்விடும் என்று நீங்கள் கிளம்பிவிட்டிருந்தீர்கள்.

ஆய்வேட்டில், இடைநிறுத்தி ஓட்டும் முறை தேயிலை உருட்டும் அறையிலிருந்து வந்தது என்று உங்கள் பெயரோடு எழுதினேன். ஆசிரியர் பென்சிலால் அடித்தார். நான் மையால் மறுபடி எழுதினேன். இரண்டு முறை அடித்தார், மூன்றாம் முறை விட்டுவிட்டார். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு நான் மலையேறுவதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. பட்டறைக் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

இன்று என் ஆய்வகத்தில் ஐந்து ஆலைகள் ஓடுகின்றன. எல்லாமே அரை மணிக்கு ஒருமுறை நின்று ஆறுகின்றன. இந்த உருண்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்கிற மாணவர்களை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று கேட்டீர்களே. ஆமாண்ணே, ஜெயிச்சிட்டோம்.