எஞ்சின் ரூம் வாசலில் ஓர் ஆணி

2 பிப்ரவரி 1956, வியாழன்

காலையில் நல்ல பனி. எட்டு மணி வரை முருகன் கோயில் கோபுரமே தெரியவில்லை. பூகோளப் படம் முடிந்தது. அல்ஜீப்ரா பாக்கி.

பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு ஆரம்பம். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக டீச்சர் அனுமதி. (இனிமேல் மு.பு. என்று எழுதுவேன்.) இயந்திரங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் முழுக்க இருக்கிறது! எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அத்தாவின் நெல் மில் (டீச்சர் ‘உன் அப்பா மில்’ என்பார்), அதில் ஆயில் எஞ்சின். எனக்காகவே எழுதியது போல.

சாயங்காலம் எஞ்சின் ரூமுக்குப் போனேன். டிரைவர் கன்னியப்பன் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. மு.பு.வோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டவை:

சட்டை இல்லை. வேட்டி முழங்காலுக்கு மேல், இறுக்கமாக.
மோதிரம் இல்லை, கையில் கயிறு இல்லை.
துண்டு தலையில் முண்டாசு. நுனியை உள்ளே செருகியிருக்கிறார்.
அத்தா வந்தபோது மட்டும் முண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். மரியாதை.
சத்தத்தை வைத்தே எஞ்சினுக்கு என்ன குறை என்று சொல்கிறார். டாக்டர் மாதிரி.

மு.பு.வை உரக்கப் படித்தேன்: “ஓடும் இயந்திரத்தின் அருகே தொங்குவது எதுவும் கூடாது.”

“என் தொப்பை தொங்குதே பாப்பா. அத எங்க கயட்டி வெக்கறது?” என்றார் கன்னியப்பன்.

தவிடு சலிக்கும் முனியம்மா வெந்நீர் பிடிக்க வந்திருந்தாள். எஞ்சினைச் சுற்றி வரும் தண்ணீர் சூடாகத் தொட்டியில் விழும். குளிக்க எடுத்துப்போகத் தெருவே வாளியோடு வரும். “அவுரு தொப்பை மாட்ட ஆணி பத்தாது பாப்பா, உத்தரம் வோணும்” என்றாள்.

4 பிப்ரவரி, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். மில்லில் கூட்டம். நான் எஞ்சின் ரூம் வாசலில் அல்ஜீப்ராவோடு. கன்னியப்பன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அத்தா உள்ளே வந்தார். உடனே கன்னியப்பன் நிமிர்ந்து, முண்டாசை அவிழ்த்தார். துண்டின் ஒரு முனை மணிக்கட்டில் சுற்றியிருந்தது. மறு முனையைப் பெல்ட் இழுத்துக்கொண்டது.

கண் இமைக்கும் நேரம்தான். வலது கை சக்கரம் வரை போனது. பழைய துண்டு, நல்ல வேளை, கிழிந்துவிட்டது. கன்னியப்பன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தார்.

அத்தா தூக்க ஓடினார். அத்தாவின் தோளிலும் துண்டு.

“கிட்ட போவாதீங்கோ மொதலாளி! துண்டு! துண்டு!” முனியம்மாவின் குரல். அத்தா அப்படியே நின்றுவிட்டார். முனியம்மா சேலையை வரிந்து செருகிக்கொண்டு, சுவரோரமாகவே போய், எஞ்சினுக்குப் போகும் எண்ணெய்க் குழாயை மூடினாள். கீழே கிடந்தபடியே கன்னியப்பன் சொன்னார்: “சக்கரம் நிக்கட்டும். அதுக்கு முன்னாடி யாரும் வராதீங்கோ.” அந்த வலியிலும்! சக்கரம் நிற்கும் வரை யாரும் அசையவில்லை. அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் வந்தார்கள். ஒருவர் கையில் காப்பித்தூள். ஒருவர் கிருஷ்ணாயில் பாட்டில். நெல் கொண்டுவந்த ஒருவர் சோடா உடைத்துக்கொண்டு வந்தார்.

“ஒண்ணும் போடக் கூடாது! குடிக்கவும் கொடுக்கக் கூடாது!” என்று கத்தினேன். என் குரலா அது?

“இன்னா பாப்பா, காப்பித்தூள் வெச்சாத்தான் ரத்தம் நிக்கும்” என்றார் காப்பித்தூள்காரர்.

“பாப்பா படிச்சிகினு கீது. நீ படிச்சியா? தள்ளி நில்லு” என்றாள் முனியம்மா.

கொடியில் அம்மா வெளியே போகும்போது போர்த்தும் துப்பட்டி, வெள்ளையாக, துவைத்துக் காய்ந்தது. கிழித்தேன். மடித்து உள்ளங்கைக் காயத்தின் மேல் வைத்து முனியம்மா அழுத்திப் பிடித்தாள். முன்கை எலும்பு முறிந்திருப்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு பக்கம் என் அடிக்கோல், மறு பக்கம் நெல் அளக்கும் மரக்காலை வழிக்கும் கட்டை. நடுவில் முறிந்த இடத்தை விட்டு, மேலும் கீழும் கட்டினேன். விரல்கள் வெளியே தெரிய வேண்டும். மீதித் துணியில் கை தொங்கக் கழுத்திலிருந்து தூளி. கன்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். “உன் கை நடுங்குது பாப்பா. மெதுவா கட்டு. நா எங்கியும் போவமாட்டேன்.”

நெல் லாரியில் அத்தாவோடு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு. “வழியெல்லாம் நகத்தின் நிறத்தைப் பாருங்கள். நீலமானால் கட்டைத் தளர்த்துங்கள்” என்று அத்தாவிடம் சொன்னேன். அத்தா தலையாட்டினார். அத்தா என் பேச்சுக்குத் தலையாட்டியது இதுவே முதல் தடவை.

5 பிப்ரவரி, ஞாயிறு

அத்தா விடியற்காலையில் திரும்பினார். கை பிழைத்தது. விரல்கள் மடங்குமா என்பது மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் தெரியுமாம். மடங்காவிட்டால் எஞ்சின் வேலை இல்லை. சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அதற்கு வலது கை வேண்டும்.

டாக்டர் சொன்னாராம்: “காப்பித்தூள் வைக்காமல் கொண்டுவந்தீர்களே, அதுவே பெரிது.” அடிக்கோல் திரும்பி வந்தது. ஏழாவது அங்குலத்தில் கறை. கழுவவில்லை.

முனியம்மாவிடம், குழாயை மூட யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். “யாரு சொல்லணும்? டெய்லி சாயங்காலம் அவுரு மூடறத பாத்துகினுதான கீறேன்.” மு.பு.வில் முனியம்மாவைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமைக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். நாலாவது வரி. ‘மரியாதை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். அத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு முறை படித்தார். நோட்டை மூடிக் கொடுத்தார். இரவு சாப்பிடவில்லை.

6 பிப்ரவரி, திங்கள்

பனி இல்லை. மில் ஓடவில்லை. தெருவில் யாருக்கும் வெந்நீரும் இல்லை. அம்மாவுக்குப் புதுத் துப்பட்டி. அல்ஜீப்ராவில் பத்துக்கு நாலு.

அத்தா எஞ்சின் ரூம் வாசலுக்கு வெளியே தானே ஓர் ஆணி அடித்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

17 மார்ச், சனி

வெயில் ஏறிவிட்டது. கன்னியப்பன் வந்தார்! கட்டுப் பிரித்து மூன்று நாளாகிறதாம். கை மெலிந்து, வேறு யாருடையதோ போல இருக்கிறது. நாலு விரல் மடங்குகிறது. சுண்டுவிரல் மட்டும் நீட்டிக்கொண்டே.

“அது சும்மா வேடிக்க பாக்கட்டும்” என்றார்.

முண்டாசை இறுக்க முடியவில்லை. இரண்டு தடவை அவிழ்ந்து விழுந்தது. முனியம்மா பிடுங்கி, அவளே சுற்றி, நுனியைச் செருகிவிட்டாள். அவர் சக்கரத்தைப் பிடித்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. டுப். டுப். டுப்.

அப்போது அத்தா வந்தார். கன்னியப்பனின் கை தன்னால் தலைக்குப் போனது.

அத்தா வாசலிலேயே நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து ஆணியில் மாட்டினார். வெறுந்தோளோடு உள்ளே வந்தார்.

“அவுக்காத, கன்னியப்பா.”

கை தலையிலேயே நின்றது. இறங்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை.

“இப்பதான் கட்டி உட்டேன் அண்ணாத்த” என்றாள் முனியம்மா. “மொதலாளி சொல்றதுக்கு இல்லன்னாலும் எனக்காவது பயந்து கைய எறக்கு.”

இறக்கினார்.