தலைவி சொல்லாதது

கவிஞர் அவர்களுக்கு,

இன்று கல்லூரிக் கவியரங்கில் தலைவி கூற்றாக ஒரு பாட்டு வாசித்தீர்கள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பிய கணவனை அவள் மன்னித்துக் கதவைத் திறக்கிறாள். அகப்பாட்டு மரபுப்படி யார் பெயரும் இல்லை. என் புருவத் தழும்பு மட்டும் இருந்தது. அழகுக்குச் சேர்த்திருக்கிறீர்கள் என்று நானும் கைதட்டினேன்.

வெளியே உங்கள் துறை மங்கையர்க்கரசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிக்கா மன்னிச்சீங்க? நானா இருந்தா சோத்துல வெஷம் வச்சிருப்பேன்."

"எதை மன்னிச்சேன்?" என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது. பிறகு அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லூரி முழுக்கத் தெரியுமாம்.

நான் மன்னித்தது ஊருக்குத் தெரிந்த பிறகுதான், நீங்கள் செய்தது எனக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்தது உங்கள் தலைவி. என் கூற்றைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டிவிட்டு, உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தழும்புக்குச் சொந்தக்காரி