மூன்று மூடு மரச்சீனி

புன்னைவிளை,
14-10-1932

அன்புள்ள அண்ணனுக்கு லீலாபாய் எழுதுவது. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் பேச்சு நடுவில் வந்தால் அடைப்புக்குள் இருக்கும். இனி அம்மா.

என் மகன் ரசலையனுக்கு அம்மா நேசம்மாள் உன் நெற்றியில் முத்தமிட்டுச் சொல்வது, கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இருக்கிற உன் சுகத்தைக் கேட்டுத்தான் தினமும் ஜெபம் செய்கிறோம். அப்பா வாழைக்குலையோடு வடசேரிச் சந்தைக்குப் போயிருக்கிறார், முழங்கால் வலி பரவாயில்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. நீ இரவில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, அங்கே மழை அதிகம் என்கிறார்கள்.

கோயிலுக்குக் கிழக்கே சும்மா கிடந்த விளையை, நீ போன பிறகு சபையார் எல்லாரும் சேர்ந்து கொத்தித் தோட்டமாக்கினோம். வேலையில்லாமல் வாடுகிற வீடுகளுக்குக் கொடுப்பதற்கென்று மரச்சீனிக் கிழங்கும் சேம்பும் கீரையும் போட்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும், வியாழக்கிழமை என் முறை. சனிக்கிழமை சாயங்காலம் டீக்கன் யேசுரத்தினம் கோயில் வாசலில் நின்று பேர் வாசிப்பார், பேர் கேட்டவர்கள் எழுந்து போய்ப் பங்கு வாங்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை மூன்று மூடு மரச்சீனிச் செடி மட்டும் இலை துவண்டு நின்றது. தாகமாக்கும் என்று குடம் குடமாக ஊற்றினேன், கேட்கவில்லை. ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு இல்லை. யாரோ கிழங்கை எடுத்துக்கொண்டு, வெறும் கம்பை மறுபடியும் மண்ணில் குத்தி வைத்திருக்கிறார்கள்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும் மக்கா. மறுநாள் பெண்கள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கோயில் கிழங்கைத் திருடிவிட்டார்கள் என்று சத்தம் போட்டேன். முயலாக இருக்கும் என்றாள் ஒருத்தி, அதற்கு ஜெயபாய், கெழங்கத் தின்னுட்டுக் கம்பத் திருப்பி நட்டு வைக்கிய மொசலு நல்லாப் படிச்ச மொசல்லா என்றாள், கூட்டமே சிரித்தது. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த பூங்கனி மட்டும் சிரிக்காமல் பாய் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் டீக்கன் காதுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருத்தரும் வேதத்தின்மேல் கை வைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்றார்.

சனிக்கிழமை காலையில் பூங்கனி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் பனையிலிருந்து விழுந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான். ஏட்டி, நீயா எடுத்த என்று மெதுவாகத்தான் கேட்டேன். நாந்தான் அக்கா, வேதத்துல கை வெச்சுப் பொய் சொல்ல எனக்குப் பயமாட்டு இருக்கு, மெய் சொன்னா வெக்கப்பட்டு எனக்க மவ பள்ளிக்கூடம் போவ மாட்டா என்று அழுதாள். டீக்கனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பங்கு கிடைத்திருக்குமே என்றேன். பேரு வாசிப்பாவளே அக்கா, அத்தன பேருக்க முன்னால எப்பிடி எந்திரிச்சு நடக்க என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்கள். முதல் ஆள் போகுமுன் நான் எழுந்துவிட்டேன். யாரும் கை வைக்க வேண்டாம், யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும், பசித்த ஆள்தான் எடுத்தது, பசித்தவர்களுக்கு என்றுதானே நட்டோம், அது எப்படித் திருட்டாகும், திருட்டென்று நான் கத்தினதுதான் தப்பு என்றேன். (அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.) பேரச் சொல்லு நேசம்மா என்றார் டீக்கன். பேர வாசிச்சு வாசிச்சுத்தான அய்யா இவ்வளவும் வந்துது என்றேன். அவர் முகம் சிவந்து, ஒரு மாதத்துக்கு நான் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். உன் அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் அடுத்த சனிக்கிழமை பேர் வாசிக்கவில்லை. டீக்கன் கிழங்கை வாசலில் குவித்துவிட்டு, எங்கேயோ வேலை இருக்கிற மாதிரி கோயில் பின்பக்கம் போய்விட்டார். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை என் முறையைப் பூங்கனி செய்கிறாளாம், லீலா பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தாள். (அந்த மூன்று கம்பையும் துண்டு துண்டாக நறுக்கிப் புதிதாக நட்டிருக்கிறாள். ஒன்பது முளை எண்ணினேன்.) பூங்கனி பேரை நீ அங்கே யாரிடமும் சொல்லாதே, அப்பாவுக்கும் தெரியாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் நீ வேலை செய்கிற ரப்பர் தோட்டத்திலிருந்து ஞானசிங் ஊருக்கு வந்தான். அங்கே வாரத்தில் மூன்று நாள்தான் ரப்பர் வெட்டு என்றும், நீ மெலிந்து கழுத்தெலும்பு தெரிய இருக்கிறாய் என்றும் சொன்னான். உன் கடைசி மூன்று கடிதத்திலும் நான் சுகம், ஒரு குறையும் இல்லை என்று ஒரே வரி. லீலாவை மறுபடியும் மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மக்கா, எனக்கு வெறும் கம்பை நட்டு அனுப்பாதே. பசித்தால் பசிக்கிறது என்று எழுது. வர வேண்டுமென்றால் வா, இங்கே உன் பேரை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. பதிலில் மெய்யை எழுது.

உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
நேசம்மாள்

(கழுத்தெலும்பு என்று சொன்னபோது அம்மா அழுதார்கள். அதை எழுதாதே என்றார்கள். வாக்குக் கொடுத்திருப்பதால் எழுதிவிட்டேன். எண்ணெய் தீருகிறது என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டார்கள், இந்த வரி அடுப்பு வெளிச்சத்தில்.)