அரை மணியில் வரக்கூடியவர்

கோபம் ஒன்றும் இல்லை, கண்ணு. உன் எண்ணை அந்தப் படிவத்திலிருந்து எடுத்தது நான்தான், ஆனால் கோபத்தில் இல்லை. நேற்று நீ போனில் அழுதுகொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீ நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன், அதைப் பொய்யாக்காதே, வேளைக்குச் சாப்பிடு.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் போய்வரும் அறக்கட்டளை, அதுதான் நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி இரவல் தரும் இடம், இந்த மாதம் தரச் சான்றிதழ் வாங்கிவிட்டது. நாற்காலிக்கு இல்லை, எங்களுக்கு. தன்னார்வலர்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு. அதற்காக மதிப்பீட்டாளர் ஒருத்தி இரண்டு நாள் வந்து உட்கார்ந்தாள். உன் வயதுதான் இருக்கும். இருபத்து மூன்று பேருடைய ஃபைலையும் ஒரு தாள் விடாமல் பார்த்தாள். நான் பின்னறையில் இருந்தேன். திரும்பி வரும் நாற்காலிகளின் சக்கரத்தில் எப்போதும் யாருடைய தலைமுடியாவது சுற்றியிருக்கும், அதைக் கத்தரித்து எடுப்பது என் வேலை. கூப்பிட்டாள். போனேன். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் நான் இரண்டு எண்கள் எழுதியிருந்தேன். ஒன்று உன்னுடையது. இன்னொன்று அந்த அறக்கட்டளையின் எண்ணே. ஆறு வருஷமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏம்மா, நீங்க இங்க மயங்கி விழுந்தா, நாங்க எங்களுக்கே போன் போட்டு என்ன சொல்றது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஒருங்கிணைப்பாளர் மட்டும் பேயறைந்த மாதிரி நின்றார், சான்றிதழ் கைநழுவிவிடுமோ என்று. பிறகு உன் எண்ணைக் காட்டி, இவங்க வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். விமானமே பதினான்கு மணி நேரம் என்றேன். அரை மணியில் வரக்கூடிய ஒருவர் வேண்டுமாம், அதுதான் விதியாம். காலைக்குள் சொன்னால் போதும் என்றாள். நல்ல பெண்தான்.

அன்று மாலை எண்கள் எழுதி வைத்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பாதிப் பேர் இல்லை. மீதிப் பேர் தூரம். அப்பா இருந்தால் அரை மணி எதற்கு. கடைசியில் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனேன், மெஷின் சத்தத்துக்காகச் சண்டை போட்டேனே, அவளேதான். வாசலில் நின்று விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "மெஷின் சத்தம் ஆகாது, ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு மட்டும் நான் வேணுமாக்கும்?" என்றாள். ஆனால் எண்ணைத் தானே எழுதிக் கொடுத்தாள். நான் படியேறும்போது பின்னாலேயே வந்து, "அங்க விழுந்தா அவங்க போன் பண்ணுவாங்க, வீட்டுல விழுந்தா? ஒரு சாவி குடுத்து வைங்க" என்றாள். இன்னொரு சாவி உன்னிடம் அல்லவா இருக்கிறது. கிளம்பிய அன்று நீ கைப்பையில் போட்டுக்கொண்டது. அதைத் தபாலில் அனுப்பச் சொல்லலாமா என்று நேற்று வரை யோசித்தேன். அவர்கள் கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றினால் பழைய எண்ணுக்குத் தானாகவே செய்தி போகும் என்பது எனக்குத் தெரியாது, இனி நீங்கள் இவருடைய அவசரத் தொடர்பு அல்ல என்று. அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்ததோ, உன் எண்ணின் மேல் கோடு போட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு கோடுதான். பேனா இரண்டு தரம் நின்றது.

சான்றிதழை மாட்டி எங்களைப் படம் எடுத்தார்கள். அவரவர் வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். என் பக்கத்தில் கழுவிக் காயவைத்த நாற்காலி ஒன்று. படத்தை இதோடு வைத்திருக்கிறேன், நாற்காலியைப் பார்த்துப் பயப்படாதே, அது எனக்கில்லை.

போகும் இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் வாய்க்கட்டும். ஒன்று மறக்காதே. அங்கே உன் ஆபீஸ் படிவத்தில் யார் எண் இருக்கிறது? என்னுடையது என்றால் மாற்றிவிடு. அரை மணியில் வரக்கூடிய ஒருவரைத் தேடிக்கொள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

உறையை ஒட்டும் முன்: உன்னிடம் இருக்கும் சாவி உன்னிடமே இருக்கட்டும். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வெட்டி வாங்கி, கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.