படத்தில் இல்லாத நூல்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம், உன் அத்தான் காதைத் தவிர. கடையில் வாங்கிய காதுக் கருவி அவருக்கு ஒத்துவரவில்லை. நண்பர்கள் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகு, எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் உன்னிடம் சத்தத்தைப் பெருக்கும் மின்சுற்று அமைக்கப் பாடம் கேட்கிறேன். மேஜையில் ஒரு மைக், அவர் காதில் ஹெட்போன், நடுவில் என் கைவேலை.

முதலில் விடையை உத்தேசமாகச் சொல், அப்புறம் கணக்குப் போடு என்று எழுதியிருந்தாய். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு முட்டை போட்ட கணக்கு டீச்சரிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் செய்தேன். சத்தம் எத்தனை மடங்கு பெருகும் என்று ஊகித்தேன். கணக்கும் ஏறக்குறைய அதையே சொன்னது. துள்ளிக் குதிக்காத குறைதான்.

பாகங்களை ஈயத்தால் பற்றவைத்து ஆன் செய்தால், கீச்சென்று விசில். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "போதும், விடும்மா" என்றார். மனசு கேட்கவில்லை. சுற்றின் படத்தை வரைந்து இணைத்திருக்கிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

படத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். தப்பே இல்லை. ஹெட்போன் சத்தம் மைக்குக்குத் திரும்பிப் போகிறதோ என்னவோ. ஹெட்போனைத் தலையணைகளுக்கு நடுவே திணித்துப் பார். விசில் நிற்காவிட்டால் விட்டுவிடு. நல்ல கருவியாக நானே வாங்கி அனுப்புகிறேன். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி

மார்ச் 1

தம்பி,

வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, இரண்டு நாள் உன்னோடு மனசுக்குள் பேசவில்லை. மூன்றாம் நாள் திணித்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து எலி மாதிரி கீச்சிட்டது. ஆக, சத்தம் காற்று வழியே திரும்பவில்லை. படத்திலும் தப்பில்லை என்கிறாய். அப்படியானால் மேஜையில் இருப்பது, ஆனால் படத்தில் இல்லாதது எது?

நான் ஒழுங்குக்காரி அல்லவா? மைக் கம்பியையும் ஹெட்போன் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து, விடைத்தாள் கட்டும் வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. படத்தில் ஆளுக்கொரு ஓரமாக இருந்தவை, மேஜையில் ரகசியம் பேசிக்கொண்டிருந்தன. வெளியே போகிற சத்தம் உள்ளே வருகிற கம்பியில் தொற்றி, சுற்றிச் சுற்றிப் பெருகியிருக்கிறது. நூலை அறுத்து, கம்பிகளை எட்ட வைத்தேன். விசில் நின்றது.

நேற்று அவருடைய சீட்டாட்ட நண்பர்கள் வந்தார்கள். அவர் எழுந்து போகவில்லை. ஒருவர் ஹெட்போனைக் காட்டி எந்தக் கம்பெனி என்று மெதுவாகத்தான் கேட்டார். இவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "என் வீட்டுக்காரி கம்பெனி. வேற கிளை கிடையாது" என்றார். நான் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டேன்.

அக்கா

மார்ச் 12

அக்கா,

உன் கடிதத்தை வேலையிடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று கேட்டார்கள். என் அக்கா என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

எங்கள் சுற்று ஒன்று வாரக்கணக்காக உறுமுகிறது. இங்கே யாருக்கும் பிடிபடவில்லை. படத்தோடு மேஜையையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ பார்த்து எழுதும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

தம்பி