எதிரே வண்டி வராத ரோடு

தை 12, திங்கள்

பனி. துவைத்த துணி இரண்டு நாளாகக் காயவில்லை. இடது முட்டி வலி. வெற்றிலை இல்லாமல் வாய் ஒரு மாதிரி. விட்டு இரண்டு வருஷம், இன்னும் நாக்கு கேட்கிறது.

மருமகள் செல்வி இன்று ஷிப்டுக்குப் போகவில்லை. லீவு போட்டுவிட்டு வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். கறுப்பு வண்டி. என் மகன் குமார் ஓட்டிச் செத்தது. டேங்கில் இடது பக்கம் பள்ளம் அப்படியே. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மீட்டு, சரி பண்ணி, தானே ஓட்டப் பழகி, அதில்தான் கம்பெனிக்குப் போகிறாள். பென்னலூர் ஊரே பார்க்கிறது.

பத்து மணிக்கு வந்து நின்றாள். கையெல்லாம் கிரீஸ்.

"அத்தே, ஞாயித்துக்கிழம ரேஸ் மைதானத்துல வண்டி ஓட்டப் போறேன். போட்டியெல்லாம் இல்ல. ரோட்டுல ஓட்டுத வண்டியவே கொண்டுபோயி அங்க ஓட்டலாம். பேரு குடுத்துட்டேன். நீங்களும் நிலாவும் வாறீயளா?"

அவளிடம் நான் நேராகப் பேசுவதில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. பேத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நிலா, சொல்லு உங்கம்மா கைல. ஒருத்தன முழுங்கின வண்டி. இவளயும் முழுங்கட்டும். அப்பால உன்ன யாரு பாத்துக்கிறது? எனுக்கு முட்டி வேற போயிக்கீது."

நிலா அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, ஆயா வராங்களாம்."

எட்டு வயசு. வாய் அப்பன் வாய்.

தை 13, செவ்வாய்

பனி குறைவு. சாம்பார், அப்பளம். கேஸ் தீரப்போகிறது.

மைதானம் இங்கிருந்து கூப்பிடு தூரம். ஞாயிறு ஆனால் சத்தம் வரும். வண்டு சுற்றுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்பி வரும். குமார் சாப்பிடுகிற கையோடு மாடிக்கு ஓடிவிடுவான். "யம்மா, ஒரு நாளு உள்ள போயி ஓட்டணும்மா." சோறு காயும். நான் திட்டுவேன்.

அதற்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இல்லையாம். நிலா கேட்டதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், சமையல்கட்டில் என் காதில் விழுந்தது.

"ரோட்டுல போவும்போது எதுக்க எது வருமோன்னு ஒடம்பு நடுங்கும்டி. தெனமும். ரெண்டு வருசமா. அங்க எல்லாரும் ஒரே பக்கமா போவாவ. எதுக்க ஒண்ணும் வராது. லாரி கெடையாது. ஒரே ஒரு நாளு நடுங்காம ஓட்டிப் பாக்கணும்."

அவள் நடுங்குவது எனக்குத் தெரியாது.

தை 14, புதன்

இந்த டைரி அவள் கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. அவள் கொடுத்தது என்பதால் ஒரு வருஷம் தொடவில்லை. அஞ்சாவது வரை படித்த எழுத்து. எழுதி முடித்ததும் அரிசி டிரம்முக்கு அடியில் வைக்கிறேன். அதனால் எழுதலாம்.

குமார் செத்த அன்றைக்கு சாயங்காலம் அஞ்சு நாற்பது. ஒரகடம் ரோட்டில் கம்பெனி விடுகிற நேரம். கன்டெய்னர் லாரி நடுவில் திரும்பியது. குமார் ஹெல்மெட் போட்டிருந்தான். டீக்கடைக்காரர் வந்து சொன்னார், அவர் சட்டையில் ஒரு பட்டன் இல்லை: "ஒரு கை பாக்கெட்டுக்குப் போச்சும்மா, போன எடுக்க. அதுக்குள்ள லாரி. கீழ கெடந்தும் போன் அடிச்சிக்கினே இருந்துச்சு."

என் நாத்தனார் புஷ்பா, சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறவள், வீட்டில் கூடின கூட்டத்தில் கேட்டாள்: "அந்த நேரத்துல எவடி போன் போட்டது?"

நான் சொன்னேன்: "எவ போடுவா? கட்டிக்கினு வந்தவதான். எப்பப் பாரு போனு."

செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. மறுக்கவும் இல்லை.

அவளுக்கு அன்றைக்கு ஓ.டி., வேலை முடியாமல் உள்ளேயே இருந்தாள். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் போட்டிருக்கவே முடியாது. கூட்டத்தில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள். ஒருத்தரும் அதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். யோசித்தும் சொன்னேன்.

போட்டது நான்.

மூன்று தடவை. வெற்றிலை தீர்ந்துபோயிருந்தது. எடுக்கவில்லை என்று கோபம். மறுபடி போட்டேன். மறுபடி.

எழுதியாகிவிட்டது.

தை 15, வியாழன்

மெக்கானிக் தாமு வந்தான். குமாரோடு படித்தவன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வராதவன். மறக்கவில்லை. டீ கொடுத்தேன், சர்க்கரை குறைத்து.

கண்ணாடி இரண்டையும் கழற்றிவிட்டான். நம்பர் பிளேட்டும் எடுத்தாயிற்று. ரேடியேட்டரில் இருந்த பச்சைத் தண்ணியைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணி ஊற்றினான். பச்சைத் தண்ணி மைதானத்தில் சிந்தினால் அடுத்தவன் வழுக்கி விழுவானாம். முன் விளக்கில் பட்டை பட்டையாக டேப். உடைந்தால் சில்லு கீழே விழக்கூடாது என்று.

"கண்ணாடி இல்லாம பின்னாடி வர்றவன எப்பிடிப்பா பாக்கறது?"

"பாக்கக் கூடாதும்மா. முன்னாடி மட்டுந்தான் பாக்கணும். பின்னாடி வர்றவன் பாடு அது."

டேப் ஒட்டின விளக்கைப் பார்க்க முடியவில்லை. குமாருக்குக் கண்ணை மூடியது என் கைதான்.

செல்வி டேங்கைத் துடைத்தாள். பள்ளத்துக்குள் விரலை விட்டு, குழந்தை காதைத் துடைக்கிற மாதிரி.

ஞாயிறுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். மனசில் இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவளை அந்த வண்டியில் ஏற்ற முடியாது.

தை 16, வெள்ளி

குன்றத்தூர் மலைக்குப் போய்வந்தேன். முட்டி செத்துப்போயிற்று. எண்பத்தி சொச்சம் படி, நடுவில் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, எலுமிச்சம்பழம் வைத்து வாங்கிவந்தேன். முருகனிடம் சொன்னேன், நான்தான் போட்டேன் என்று. அவனுக்குத் தெரிந்ததுதான்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி வாசலில்தான் இருந்தாள். தனியாக. வாயைத் திறந்தேன். "கோயில் குளத்தாண்ட கூட்டம்" என்று வந்தது.

அவள் திடுக்கிட்டாள். நேராகப் பேசி இரண்டு வருஷம் அல்லவா. "அப்படியா அத்தே" என்றாள். அவ்வளவுதான். நான் உள்ளே போய்விட்டேன்.

தை 17, சனி

ரசம். நிலாவுக்கு இருமல்.

செல்வி வேலைக்குப் போகும்போது தினம் நடப்பது: நிலா கேட்டுக்கு ஓடி, அம்மா போனை வாங்கி, சுவிட்ச் ஆப் பண்ணி, அம்மா பையில் போட்டு ஜிப்பை மூடுவாள். பிறகுதான் வண்டியைப் போக விடுவாள். பள்ளிக்கு நேரமானாலும் விடமாட்டாள். விளையாட்டு என்று இருந்தேன்.

செல்வி குளிக்கப் போயிருக்கும்போது மஞ்சள் துணியை ஹேண்டிலுக்கு அடியில் கட்டினேன். தெரியாத மாதிரி. பழத்தை சீட்டுக்கு அடியில்.

இன்றும் சொல்லவில்லை. மூன்று தடவை பக்கத்தில் போனேன். மூன்று.

தை 18, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஆறு மணிக்குப் போனோம். பனியில் தார் ரோடு கறுப்பாக வளைந்து வளைந்து கிடந்தது. மேடை மாதிரி சிமெண்ட் கொட்டாய், வரிசையாக வண்டிகள். பொம்பளை வண்டி செல்வியுடையது ஒன்றுதான். வாடகைக்கு எடுத்த தோல் உடுப்பு. எவனோ பெரிய ஆள் போட்டுக் கழற்றியது, தோளில் தொங்கியது.

வண்டியை ஒருத்தர் குனிந்து சோதித்தார். டயர், பிரேக், செயின். ஹேண்டிலுக்கு அடியில் கைவிட்டார்.

"யாருங்க இத கட்டனது? கழண்டு விழுந்தா பின்னாடி வர்றவன் டயர்ல மாட்டும். சாமி உங்களக் காப்பாத்தும், அவன யாரு காப்பாத்தறது? எடுங்க. இன்னாது, எலுமிச்சம்பழம் வேறயா!"

பக்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். பல் வரிசை சரியில்லாத ஒருத்தன் அதிகமாகச் சிரித்தான். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். துணியை அவிழ்த்தாள். எறியவில்லை. ஜிப்பைத் திறந்து நெஞ்சுக்குள் போட்டு மூடினாள்.

பிறகு எல்லோரையும் உட்காரவைத்துக் கொடி காட்டினார்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, மெதுவாகப் போ. சிவப்பு என்றால் ஓட்டத்தை நிறுத்து, எல்லோரும் உள்ளே வா. நிலா எனக்கும் சொல்லித்தந்தாள்.

போகும்போது செல்வி பையை நிலாவிடம் கொடுத்தாள். நிலா அதிலிருந்து போனை எடுத்தாள். வீடியோ பிடிக்கவாம். பூப்போட்ட உறை போட்ட போன்.

புதுசாக வந்தவர்கள், வழிகாட்டுகிறவர் எல்லாம் சேர்த்து ஒன்பது வண்டி. முன்னால் வழிகாட்டுகிறவர், ஆரஞ்சு சட்டை. அப்புறம் வெள்ளை, பச்சை, நாலாவது செல்வி. அஞ்சாவது சிவப்பு, பட்பட்டென்று வெடிக்கிற வண்டி. என் கண்ணுக்கு ஒருதரம் பட்டால் போதும். முதல் சுற்று: ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, செல்வி. மறுபடி வருமுன் நூற்று எழுபது எண்ணினேன். இரண்டாவது: அதே வரிசை. எங்களைத் தாண்டும்போது உடம்பு வண்டியோடு ஒட்டியிருந்தது. முதுகில் நடுக்கம் இல்லை. குமார் முதுகு மாதிரியே. மூன்றாவதும் சரி.

நாலாவது: ஆரஞ்சு. வெள்ளை. பச்சை.

சிவப்பு.

சிவப்புக் கொடி ஆட்டினார்கள். எல்லா வண்டியும் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. எட்டு. ஆம்புலன்ஸ் கிளம்பியது. "இன்னாபா ஆச்சு, எங்க மருமவ எங்கபா" என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. "வருவாங்கம்மா, ஒக்காருங்க."

என் கை என்ன செய்தது என்றால், இடுப்பிலிருந்து என் போனை எடுத்து செல்விக்குப் போட்டது.

போன் நிலா கையில் அடித்தது.

"ஆயா!" என்று கத்தினாள். "ஏன் ஆயா போன் போடற! அம்மா வண்டில இருக்காங்க இல்ல! வண்டில இருக்கறவங்களுக்குப் போன் போடாத!" என்று கத்தி அழுதாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அவள் கையில் இருந்த போனைப் பார்த்தேன். ஓரத்தில் கண்ணாடி விரிசல். உள்ளே என் படம், நெற்றியில் விபூதியோடு, பொங்கல் பானைக்குப் பக்கத்தில். குமார் எடுத்த படம். அடியில் எழுத்து: அம்மா.

அவன் போன். உறை மட்டும் புதுசு, நம்பர் அவளுடையது. பாக்கெட்டிலிருந்து எடுத்திருந்தால் அவன் பார்த்திருப்பது இதைத்தான்.

அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நிலாதான் நிறுத்தினாள்.

அப்புறம் வண்டி தூக்குகிற லாரி வந்தது, சின்னது. பின்னால் வண்டி படுத்திருந்தது, பக்கத்தில் செல்வி உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மடியில். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வளைவுல மண்ணு கெடந்துது. சறுக்கிட்டு." முழங்கையில் தோல் உடுப்பு உரிந்திருந்தது. மணிக்கட்டு வீக்கம். டாக்டர் அசைத்துப் பார்த்துக் கட்டுப் போட்டார், எலும்பு ஒன்றுமில்லை. டேங்கில் வலது பக்கமும் பள்ளம்.

நிலா அவளைக் கட்டிக்கொண்டு தோளிலேயே தூங்கிப்போனாள். அப்போது நேராகச் சொன்னேன்.

"செல்வி, அன்னிக்கி போன் போட்டது நாந்தான்."

"தெரியும் அத்தே."

"எப்பலேந்து?"

"போன சரி பண்ணிக் கொண்டாந்த அன்னிக்கி. மூணு கால். அஞ்சு முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது."

"ஏன்மா ஒரு வார்த்த கேக்கல?"

கட்டில்லாத கையால் நிலா தலையைத் தோளில் சரியாக வைத்தாள்.

"எங்க ஆத்தா எங்கிட்ட பேசி ரெண்டு வருசம் ஆச்சு அத்தே. புருசன போன் போட்டுக் கொன்னவன்னு யாரோ ஊருக்குச் சொல்லிட்டாவ. நீங்க போன் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நானும் அவியளுக்கு எத்தன தடவ ஓட்டும்போது போட்டிருக்கேன். எல்லாருந்தான் போடுதோம். ஆனா எம்பேரச் சொன்னீய பாத்தீயளா."

மன்னித்துக்கொள் என்று வந்தது, பாதியில் நின்றது.

"எங்கிட்ட சொல்லி என்ன அத்தே. எனக்குத் தெரிஞ்சதுதானே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

பையிலிருந்து தண்ணி எடுத்துக் குடித்தாள். மத்தியானம் இன்னொரு முறை விட்டார்கள், ஹேண்டில் வளைந்திருந்ததால் அவளால் போகமுடியவில்லை. வேலிக்குப் பக்கத்தில் நின்று கடைசி வரை பார்த்தாள். வா போகலாம் என்று நான் சொல்லவில்லை.

தை 19, திங்கள்

பனி இல்லை. வெயில். துணி காய்ந்துவிட்டது.

செல்வி கட்டுக் கையோடு கம்பெனி பஸ்ஸில் போனாள். வண்டி தாமுவிடம்.

யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று நாற்பது வருஷக் கணக்கு எனக்கு மனப்பாடம். இதையும் எழுதுகிறேன். நான் பொய் சொன்னது யார் யாரிடம்:

1. புஷ்பா. பிணம் வருமுன், எல்லோருக்கும் நடுவில்.

2. புஷ்பா மகன். சுடுகாட்டிலிருந்து வந்ததும், குழாயடியில்.

3. எதிர்வீட்டு லட்சுமி. பால் தெளித்த அன்று. அவள் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன்.

4. டீக்கடைக்காரர். "மருமவ பண்ண வேலைய்யா" என்று.

5. செல்வியின் சித்தி. காரியத்துக்கு திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்தவள். அப்படியென்றால் அவள் ஆத்தாளுக்குச் சொன்னது யாரோ இல்லை.

6. தாமு. அவன் ஏன் காரியத்துக்கு வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. ரோட்டில் பார்த்துச் சொன்னேன். "அந்தப் பொண்ணா? இருக்காதும்மா" என்றான். அன்றிலிருந்துதான் அவன் மேல் எனக்குக் கோபம்.

7. நிலா. அப்போது ஆறு வயசு. மூன்றாம் நாள், மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னேன். உங்கம்மா போன் போட்டுதான்டி உங்கப்பன் போனான். தூங்குகிறாள் என்று நினைத்துச் சொன்னேன்.

தூங்கியிருந்தால் தினம் அந்தப் போனை ஏன் அணைக்கிறாள்.

புஷ்பா வீட்டுக்கு நாளைக்கு ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். போனில் சொல்கிற விஷயம் இல்லை. லட்சுமி கிட்டத்தில்தான். ஆனால் ஏழிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பள்ளி விட நாலு மணி. சுண்டல் வைத்திருக்கிறேன். முதலில் சாப்பிடட்டும். இல்லை, சாப்பிட்டால் விளையாடப் போய்விடுவாள். வந்ததும் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றுமுன்.

மணி நாலு ஐந்து. கேட் திறக்கிற சத்தம்.